பின்கழுத்தில் ஒரு நாடு

மசேருவில் மார்ச்சு மாதக் காலை.
மன்னர் திருநாள் நெருங்குகிறதென்று
எட்டாம் வகுப்பு கம்பளி போர்த்தி வந்திருந்தது.
நாற்பத்திமூன்று பிள்ளைகள், நாற்பத்திமூன்று கம்பளிகள்.
இல்லை, நாற்பத்திரண்டு.
டெஃபோ தன்னுடையதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான்.

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
இடப்பக்கம்: நம்முடையது.
வலப்பக்கம்: உலகத்துடையது.
பாடத்திட்டம் அப்படித்தான் சொல்லியிருந்தது,
நாற்பது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றும்.

பக்கத்தில் இருப்பவரின் காலரைத் திருப்பிப் படியுங்கள் என்றேன்.
சிரிப்பு. கூச்சம். கழுத்தில் பட்ட குளிர்ந்த விரலுக்கு
ஒரு சின்ன அலறல்.
சீனா, என்றது ஒரு கழுத்து.
வங்கதேசம், என்றது அடுத்தது.
மொரீஷியஸ். சீனா. சீனா.
துவைத்துத் துவைத்து எழுத்தழிந்த ஒன்று
எந்த நாடாகவும் இருக்கலாம்.
வலப்பக்கம் எழுதி எழுதி
என் கை முழங்கால் வரை இறங்கிவிட்டது.

கம்பளியைத் திருப்பச் சொல்லியிருக்கக் கூடாது.
மக்காச்சோளக் கதிர் நெய்த கம்பளி,
பிள்ளையைச் சுற்றுவது, மணப்பெண் போர்த்துவது,
அரைக்கம்பத்தில் கொடி தாழ்கிறபோதும்
தோளிலிருந்து இறங்காதது.
அதன் ஓரத்தில் பொடி எழுத்தில்
ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாடு.

யாரும் பேசவில்லை.
பிறகு மொட்லாலேபுலா கேட்டாள்:
"செம்மறியாடு நம்முடையதாக இருக்கலாமே, டீச்சர்?"
இருக்கலாம் என்றேன்.
இடப்பக்கம் எழுதினேன், அழித்தேன்,
கடைசியில் கோட்டின் மேலேயே எழுதினேன்.
பாதி எழுத்து அங்கே, பாதி இங்கே.

டெஃபோ எழுந்தான்.
அவன் ஜீன்ஸில் பட்டை இல்லை,
இருந்த இடத்தில் கத்தரி நின்ற தடம் மட்டும்.
"தையல் கோணினால் பட்டையை வெட்டிவிட்டு
ஆலை வாசலில் மலிவாய்ப் போடுவார்கள், டீச்சர்.
பட்டை தைக்கிற மெஷின் அம்மாவுடையது.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தடவை
லெசோத்தோ, லெசோத்தோ என்று தைப்பாள்.
அதெல்லாம் கப்பலுக்குப் போய்விடும்.
வெட்டினதுதான் வீட்டுக்கு வரும்."

எங்களுக்குக் கடலே கிடையாது.
கப்பல் என்ற சொல்லை அவன்
பக்கத்துத் தெருப் பேருந்தைச் சொல்வதுபோல் சொன்னான்.

"இப்போதும் அம்மா அதே மெஷினா?" என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
"மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறாள்.
வாங்குகிறவர்கள் இனிமேல்
அவர்கள் ஊரில் தைத்ததைத்தான் உடுத்துவார்களாம்.
வரி போட்டுவிட்டார்களாம்."
குறையாகச் சொல்லவில்லை.
இந்த வருடம் பனி தாமதம் என்பதுபோலத்தான் சொன்னான்.
பிறகு பலகையைப் பார்த்தான், கொஞ்ச நேரம்.
"அங்கேயும் ஒரு டீச்சர் இப்படிக் கோடு போட்டிருப்பாரா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னது
மணிச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும்.
கம்பளிகள் கதவில் நெரிந்து
வெயிலுக்குள் ஓடின.
துடைப்பானைக் காணோம்,
சட்டைக் கையால் பலகையைத் துடைத்தேன்.
இரண்டு பக்கத்துச் சுண்ணாம்பும்
முழங்கைவரை ஒரே வெள்ளை.

டெஃபோ மட்டும் போகவில்லை.
கால் சட்டையின் ஓரத்தை மேசை விளிம்பில் தூக்கிவைத்து,
தையல் விலகி ஓடிய இடத்தைக் காட்டினான்,
அரை விரல் நீளம்.
"இது அம்மா கையில்லை, டீச்சர்.
அம்மாவுக்குக் கோணாது.
இது மூன்றாவது வரிசை மாநியாலாவுடையது.
அவளுக்கு அன்று பல்வலி."

சொல்லிவிட்டு ஓரத்தை உதறிக்கொண்டு
விளையாடப் போனான்.